'பர்ஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் வினைகளும்

1. முன்னுரை

செகந்திராபாத் இரயில் நிலையத்திற்கும் தார்நாக்காவிற்கும் இடையே அமைந்த மெட்டுகுடா, பன்மொழிச் சூழலை அருகிருந்து காண்பதற்கு ஏற்ற ஓரிடமாகும். 1893ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் லாலாகுடா இரயில்வேப் பணிமனையும், 1966இல் தோன்றிய தென்மத்திய இரயில்வேயின் தலைமையகமும் இப்பகுதியை அடுத்துள்ளன. இரயில்வேப் பணியின் பொருட்டுப் பல மாநிலங்களிலிருந்து வந்து தங்கிய குடும்பங்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இதனால் தெலுங்கு, உருது, தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் இங்கு ஒரே தெருவில் ஒலிக்கின்றன.

இத்தகைய தெருவில் பெருமழை கொட்டும் நாளொன்றை எண்ணிப் பார்க்கலாம். தெலுங்கர் அதனைக் 'குண்டபோத' மழை என்பர். 'குண்ட' என்பது பானை. 'போத' என்பது ஊற்றுதல். ஆகாயத்திற்கு ஓட்டை விழுந்தாற்போல் மழை பெய்கிறது என்பதும் அவர்களது வழக்கு. உருது பேசுவோர் மேகம் கிழிந்தது என்னும் பொருள்பட 'பாதல் ஃபட்னா' என்பர். தமிழர் 'வானத்தைப் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது' என்பர். மறுநாள் ஆங்கிலச் செய்தித்தாள் அதனைக் 'கிளவுட் பர்ஸ்ட்' என எழுதினால், தமிழ்ச் செய்தித்தாளில் அது 'மேகவெடிப்பு' என்றாகிறது. வீட்டில் பொத்துக்கொண்ட வானம், அச்சில் வெடித்துவிடுகிறது.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, 'பர்ஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் எல்லைகள் யாவை, அவ்வெல்லைகளைத் தமிழ் எவ்வாறு பங்கிட்டுக்கொள்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சொல்லாக்கத்தில் நேரும் ஒரு சிறு பிழை, ஒரு பேரிடரின் காரணத்தையே மறைத்துவிடக்கூடும் என்பதும் இதன்வழிப் புலப்படும்.

2. சொல்லின் கருப்பொருள்

'பர்ஸ்ட்' பழைய ஆங்கிலச் சொல்லாகும். பழைய ஆங்கிலத்தில் 'பெர்ஸ்டன்' என வழங்கியது. இன்றைய ஜெர்மன் மொழியிலும் 'பெர்ஸ்டன்' என்னும் உறவுச்சொல் உண்டு. உடைதல், பிளத்தல் என்பனவே இதன் தொல்பொருள். பெயராகவும் வினையாகவும் ஒரே வடிவில் வழங்குவது இதன் இயல்பு. நிகழ்காலத்திற்கும் இறந்தகாலத்திற்கும் வடிவ வேறுபாடு இல்லை.

இச்சொல் வரும் இடங்களைத் தொகுத்து நோக்கின், மூன்று கூறுகள் அதன் கருவாக அமைவதைக் காணலாம். முதலாவது, ஒன்றை உள்ளடக்கி நிற்கும் உறை. அது தோலாகவோ சுவராகவோ கரையாகவோ இருக்கலாம். இரண்டாவது, அவ்வுறையை அழுத்தும் உள்ளீடு. அது காற்று, நீர், நெருப்பு, உணர்ச்சி என எதுவாகவும் அமையும். மூன்றாவது, உறை தாங்க இயலாத நொடியில் உள்ளீடு வெளிப்படும் வேகம். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த நிகழ்ச்சியை ஆங்கிலம் ஒரு சொல்லால் சுட்டிவிடுகிறது. உடைந்த உறை எது, வெளிவந்த பொருள் எது என்பன பற்றி அச்சொல் கவலை கொள்வதில்லை.

தமிழ் அவ்வாறன்று. உறை எவ்வாறு வழிவிட்டது என்பதற்குச் சில வினைகளையும், உள்ளீடு எவ்வாறு வெளிப்பட்டது என்பதற்கு வேறு சில வினைகளையும் அது வைத்துள்ளது.

3. உறை வழிவிடும் வகை

ஆங்கிலத்தில் 'பர்ஸ்ட்' என்னும் ஒரே வினையால் கூறத்தக்க பின்வரும் தொடர்களை நோக்குக.

(1) டயர் வெடித்தது.
(2) பலூன் வெடித்தது.
(3) குழாய் உடைந்தது.
(4) கட்டி உடைந்தது.
(5) பனிக்குடம் உடைந்தது.
(6) ஏரி உடைத்துக்கொண்டது.
(7) மொட்டு அவிழ்ந்தது.
(8) பருத்தி வெடித்தது.

இவ்வெட்டுத் தொடர்களிலும் வினைகளை இடம் மாற்றி வைத்தால், தாய்மொழியாளர் செவி ஏற்காத தொடர்களே பெரும்பாலும் கிடைக்கும். 'ஏரி வெடித்தது' என்றோ 'பலூன் அவிழ்ந்தது' என்றோ நாம் கூறுவதில்லை. ஆகவே இவ்வினைத் தேர்வு ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டது என்பது தெளிவு.

நீர்ப்பொருள் வெளியேறி ஓடுவது பேச்சின் மையமாக இருக்குமானால், தமிழ் பெரும்பாலும் 'உடை' என்னும் வினையைக் கொள்கிறது. குழாய், கட்டி, பனிக்குடம், ஏரி ஆகிய நான்கும் அவ்வகையின. காற்றும் ஓசையும் வெளிப்படும் இடத்து 'வெடி' வருகிறது. டயரும் பலூனும் இவ்வகையின. உறை சிதையாமல், தனக்குரிய பருவத்தில் தானே வழிவிடுமானால் 'அவிழ்', 'விரி' என்பன வருகின்றன.

எட்டாவது தொடர் தனியே நோக்கத்தக்கது. பருத்தி வெடிக்கும்போது ஓசையும் இல்லை, அழிவும் இல்லை. முற்றிய காய் உலர்ந்து, தோல் விறைத்துப் பிளக்கிறது, பஞ்சு வெளித்தோன்றுகிறது. இலவங்காய் வெடிப்பதும் இவ்வாறே. கோடையில் நிலம் வெடிப்பதும், காலில் பித்தவெடிப்புத் தோன்றுவதும், வெள்ளரிப்பழம் வெடிப்பதும் இப்பொருளையே காட்டுகின்றன. வெள்ளரிப்பழத்தில் நீர் மிகுதி எனினும் அந்நீர் வெளியே பாய்வதில்லை. தோல் பிளப்பதே அங்குப் பேசப்படுகிறது. எனவே 'வெடி' என்னும் வினைக்கு, விறைத்த மேற்பரப்புப் பிளத்தல் என்பது ஓர் அடிப்படைப் பொருளாகும். வெடிமருந்தும் வெடிகுண்டும் பெருகிய பிறகு, ஓசையும் நெருப்பும் சிதறலும் கூடிய பொருளே மேலோங்கிவிட்டது. இன்று 'வெடிப்பு' என்ற பெயர்ச்சொல்லைத் தனியே கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது அப்பொருளே.

ஆறாவது தொடரிலுள்ள 'கொள்' என்னும் துணைவினையும் கருதத்தக்கது. 'உடைத்தது' என்பது பிறவினை; உடைத்தவர் ஒருவர் வேண்டும். 'உடைத்துக்கொண்டது' என்றால், புறத்தே செய்வார் எவருமின்றித் தன் அழுத்தத்தால் தானே உடைந்தது என்றாகிறது. 'பொத்துக்கொண்டது', 'பிய்த்துக்கொண்டது' முதலியனவும் இவ்வாறே அமைகின்றன. ஆங்கிலச் சொல் தன்னுள் அடக்கியிருக்கும் 'தானே', 'திடீரென' என்னும் பொருட்கூறுகளைத் தமிழ் துணைவினையால் வெளிப்படுத்துகிறது எனலாம்.

உடன்பிறந்த மொழியாகிய தெலுங்கும் இதே வேறுபாட்டைப் போற்றுகிறது. டயர் வெடித்தால் 'பேலிந்தி' என்பர். ஏரிக்கரை உடைந்தால் 'கண்டி படிந்தி' என்பர். ஏரிகளால் வேளாண்மை செய்த மக்களின் மொழிகள், நீர் உடைவதற்கும் காற்று வெடிப்பதற்கும் வெவ்வேறு சொற்களை வைத்திருப்பது இயல்பேயாகும்.

4. உள்ளீடு வெளிப்படும் வகை

உறையை விடுத்து, வெளிப்படும் பொருளின் இயக்கத்தை நோக்கினால் வேறொரு வினைத்தொகுதி கிடைக்கிறது. குருதி பீறிடுகிறது, ஊற்று கொப்பளிக்கிறது, பால் பொங்குகிறது, எரிமலை குமுறுகிறது. இவ்வினைகள் உள்ளத்தின்மேல் ஏற்றிக் கூறப்படும்போதும் தம் வேறுபாட்டை இழப்பதில்லை. அழுகை பீறிடும், சினம் பொங்கும், நெடுநாள் அடக்கிய துயரம் குமுறும். ஆங்கிலத்தில் இவற்றுள் பலவும் 'பர்ஸ்ட்' அல்லது 'அவுட்பர்ஸ்ட்' என்பதில் அடங்கிவிடும்.

பேச்சைப் பற்றிய வழக்கு இன்னும் நுட்பமானது. ஒருவர் தடையின்றிச் சொற்பெருக்காற்றினால் 'மடை திறந்தாற்போல்' பேசினார் என்கிறோம். அடக்கிய சினத்தைக் கொட்டினால் 'வெடித்துவிட்டார்' என்கிறோம். அடக்கிய துயரத்தைச் சொல்ல நேர்ந்தால் 'உடைந்துபோனார்' என்கிறோம். மடை என்பது திறப்பதற்கென்றே அமைத்த வழி, அங்கு அழிவில்லை. உடைப்பு என்பது வழியல்லாத இடத்தில் வழி தோன்றுவது. மடைக்கும் உடைப்பிற்கும் இடையே உழவர் கண்ட வேறுபாடு, நாவன்மைக்கும் துயரத்திற்கும் இடையேயான வேறுபாடாக மொழியில் நிலைபெற்றுள்ளது.

திடீர்த்தன்மையைக் காட்டத் தமிழுக்கு மற்றொரு கருவியும் உண்டு; அது ஒலிக்குறிப்புச் சொல்லாகும். 'குபீரென்று' சிரித்தான், அவையோர் 'கொல்லென்று' சிரித்தனர், 'ஓவென்று' அழுதாள், கண்ணீர் 'பொலபொலவென்று' உதிர்ந்தது, நீர் 'குபுகுபுவென்று' வந்தது. ஒருவர் சிரித்தால் குபீர், பலர் சேர்ந்து சிரித்தால் கொல் என்னும் வேறுபாடுகூட இங்குப் பேணப்படுகிறது. 'என' என்னும் இடைச்சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் ஆகிய ஆறு நிலைகளில் வரும் எனத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்து இடையியல் வகுத்துள்ளது. குறிப்பும் இசையும் அவ்வாறனுள் இடம்பெற்றமை, இவ்வாக்க முறையின் தொன்மைக்குச் சான்றாகும். எனவே 'சிரிப்பு வெடித்தது', 'சிரிப்பில் வெடித்தனர்' போன்ற மொழிபெயர்ப்புத் தொடர்கள் தமிழுக்குத் தேவையற்றவை.

5. கால அளவைக் குறிக்கும் பொருள்

'பர்ஸ்ட்' என்னும் சொல் காலப்போக்கில் தன் உறையைத் துறந்துவிட்டது. ஓட்டக்காரர் இடையில் சிறிது தொலைவு பாய்ந்தோடுவதையும், துப்பாக்கி ஒரு முறை தொடர்ந்து சுடுவதையும், கணிப்பொறி சிறு இடைவெளியில் மிகுதியான தரவை அனுப்புவதையும் ஆங்கிலம் இச்சொல்லாலேயே குறிக்கிறது. இவற்றில் உடைந்த பொருள் எதுவுமில்லை. குறுகிய நேரம், மிகுந்த வேகம், பிறகு ஓய்வு என்னும் கால வடிவமே இங்குப் பொருளாகிறது.

வானியலில் இவ்விரு பொருள்களும் அருகருகே நிற்கின்றன. காமாக் கதிர் வெடிப்புகளை முதன்முதலாக 1967இல் அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன; அச்செய்தி 1973இல் வெளியாயிற்று. பேரளவு விண்மீன்களின் அழிவு போன்ற நிகழ்ச்சிகளால் தோன்றுவன ஆதலின், அவற்றை வெடிப்பு என்பது ஓரளவு பொருந்தும். ஆனால் 2007இல் அறிவிக்கப்பட்ட விரைவு ரேடியோ அலைத் துடிப்புகளின் பெயரிலும் 'பர்ஸ்ட்' உள்ளது. அங்கு அச்சொல் குறிப்பது ஆயிரத்தில் சில பங்கு நொடிகளே நீடிக்கும் அலையின் வடிவத்தையே. காரணம் எதுவென்பதை அப்பெயர் கூறவில்லை. அதனையும் 'வெடிப்பு' என மொழிபெயர்ப்பின், பெயரே ஒரு காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

இக்காலப் பொருளுக்குத் தமிழில் சொல் இல்லையா? உண்டு. 'ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்தது' என்பது இன்றும் வாழும் வழக்கு. 'ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்', 'ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனார்' என்றும் கூறுகிறோம். தொடங்கி, மிகுந்து, ஓயும் ஒரு வீச்சே பாட்டம். உறையும் உடைவும் இல்லாத 'பர்ஸ்ட்' என்பதற்கு இதனினும் நெருங்கிய சொல்லைக் காண்பது அரிது. துப்பாக்கிச் சூட்டிற்கோ 'சரமாரி' என்னும் சொல் வழங்குகிறது. அம்பு மழை என்பது அதன் பொருள். ஆங்கிலம் மழையை வெடிப்பாகக் காண, நம் வழக்கு சூட்டை மழையாகக் காண்கிறது.

இந்தியாவில் பருவமழையின் தொடக்கத்தையும் ஆங்கில நூல்கள் 'பர்ஸ்ட்' என்றே எழுதி வந்துள்ளன. கேரளக் கரையில் இயல்பாக ஜூன் 1ஆம் நாளையொட்டித் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையை, 'பருவமழை வெடித்தது' என எவரும் தமிழில் எழுதுவதில்லை, 'பிடித்துக்கொண்டது' என்கிறோம். இங்குத் தடுமாறாத மொழியுணர்வு, மேகத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் தடுமாறியது ஏன் என்பதே வினா.

6. 'மேகவெடிப்பு'

'கிளவுட் பர்ஸ்ட்' ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்த தொடராகும். மேகத்தை நீர் நிறைந்த பையாகக் கருதி, அது உடைந்து நீர் கொட்டுகிறது என எண்ணிய காலத்தின் கற்பனை அதில் உறைந்துள்ளது. ஜெர்மன் மொழியில் இதற்குரிய 'வோல்கன்புருக்' என்னும் சொல்லும் மேக உடைவு என்றே பொருள்படும்.

அறிவியல் காட்டும் உண்மை வேறு. வெப்பக் காற்று விரைந்து மேலெழும்போது நீர்த்துளிகளைத் தாங்கி நிற்கிறது. துளிகள் பெருத்துத் திரள்கின்றன. தாங்கும் ஆற்றல் குன்றியதும் அவை குறுகிய பரப்பில் ஒருசேர விழுகின்றன. இதில் நெருப்போ சிதறலோ இல்லை. 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் பெய்யும் மழையே இப்பெயர்க்குரியது என இந்திய வானிலை ஆய்வுத்துறை வரையறுத்துள்ளது. இவ்வரையறையில் பரப்பும் நேரமும் அளவும் உள்ளன, வெடிப்பு இல்லை.

இவ்வளவைக் கொண்டு ஐதராபாத்தின் மழைகளை நோக்கலாம். 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாளையொட்டிப் பேகம்பேட்டையில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நகரை முடக்கிய பெருமழை அது. எனினும் ஒரு நாள் மழையின் மொத்த அளவு மட்டுமே ஒரு மழையை மேகவெடிப்பு என்பதற்குப் போதிய சான்றாகாது. ஒரு மணி நேர அளவு வேண்டும். பெருமழை அனைத்தையும் மேகவெடிப்பு என எழுதும் பழக்கம், அளவைக் குறிக்கும் கலைச்சொல்லை வியப்பைக் குறிக்கும் சொல்லாகத் தேய்த்துவிடுகிறது.

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆற்றில் வந்த பெருவெள்ளம் இன்னும் ஆழமான பாடத்தைத் தருகிறது. சுமார் 15,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்படும் அவ்வெள்ளத்தில், மருத்துவமனை வளாகத்தில் நின்ற ஒரு புளியமரத்தின்மீது ஏறிச் சுமார் 150 பேர் உயிர் பிழைத்தனர். அம்மரம் பின்னரும் நெடுங்காலம் நின்றது. இவ்வெள்ளத்தையும் 'கிளவுட் பர்ஸ்ட்' என எழுதுவோர் உண்டு. பெருமழை பெய்தது உண்மை. ஆயின் உடைந்தவை எவை? மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த நூற்றுக்கணக்கான ஏரி குளங்களுள் 200க்கு மேற்பட்டவை கரை உடைத்துக்கொண்டன. ஓர் ஏரி உடைந்து அடுத்த ஏரியை உடைத்தது. வானிலிருந்து வந்த நீரோடு, கரைகளுக்குள் நின்ற நீரும் சேர்ந்தே நகரை அடைந்தது.

1909இல் நிசாம் அரசின் அழைப்பின்பேரில் ஆராய வந்த பொறியாளர் மோ. விசுவேசுவரையா, நகருக்கு மேற்புறத்தே வெள்ளத்தைத் தேக்கும் நீர்த்தேக்கங்களை அமைக்கப் பரிந்துரைத்தார். அவ்வழியில் உஸ்மான் சாகர் 1920இலும் இமாயத் சாகர் 1927இலும் நிறைவுற்றன. மேகத்தை எவரும் திருத்த இயலாது. கரையைத் திருத்த இயலும். உடைந்தது எது என்னும் கேள்வியே அந்நகரைக் காத்தது எனலாம்.

இக்கேள்வி பழங்கதையன்று. 2013 ஜூன் 16, 17 ஆகிய நாள்களில் கேதார்நாத்தில் நேர்ந்த பேரழிவு, செய்திகளில் மேகவெடிப்பு எனவே பரவலாகக் குறிக்கப்பட்டது. தொடர்ந்து பல நாள் பெய்த கனமழையால் நிறைந்த சோராபாரி ஏரி, 17ஆம் நாள் காலையில் உடைத்துக்கொண்டதே இறுதி அழிவிற்குப் பெருங்காரணம் எனப் பின்னர் ஆய்வுகள் காட்டின. 2023 அக்டோபர் 4ஆம் நாள் சிக்கிமில், தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்து, சுங்தாங் அணை அடித்துச் செல்லப்பட்டபோதும் முதலில் வந்த செய்திகள் மேகவெடிப்பு என்றே கூறின. பனி ஏரி உடைந்து வரும் வெள்ளத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கலைச்சொல்லிலும் 'அவுட்பர்ஸ்ட்' உண்டு. மேகத்திற்கும் ஏரிக்கும் ஒரே சொல் வழங்குவதால் ஆங்கிலத்தில் குழப்பத்திற்கு இடமுண்டு. ஏரி உடைகிறது, மழை கொட்டுகிறது என வேறு வினைகளை உடைய தமிழில் அக்குழப்பம் நேர வேண்டியதில்லை. நாமே அதனை வரவழைத்துக்கொண்டோம்.

வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. மேகம் வெடித்தது என்றால், அது எவராலும் தடுக்கவொண்ணா நிகழ்ச்சியாகிவிடுகிறது. கேள்வி அத்துடன் ஓய்கிறது. கரை உடைந்தது என்றால், கரையைக் காத்தவர் யார், நீர்மட்டத்தைக் கண்காணித்தவர் யார், கீழுள்ள ஊர்களுக்கு எச்சரிக்கை சென்றதா என்னும் கேள்விகள் எழுகின்றன.

7. மொழிபெயர்ப்பாளர் கேட்கவேண்டியவை

மேற்கண்ட ஆய்வின்படி, 'பர்ஸ்ட்' என்னும் சொல்லை எதிர்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

முதலாவது, உடைந்த உறை ஒன்று உண்டா? உண்டெனில் நீரா, காற்றா, மலர்ச்சியா என நோக்கி உடைதல், வெடித்தல், அவிழ்தல் ஆகியவற்றுள் ஒன்றைக் கொள்ளலாம்.

இரண்டாவது, உறையை விட உள்ளீட்டின் இயக்கம் முதன்மையானதா? ஆயின் பீறிடல், பொங்குதல், குமுறல் முதலியனவோ, ஒலிக்குறிப்புச் சொற்களோ பொருந்தும்.

மூன்றாவது, குறுகிய கால வீச்சு மட்டுமே பொருளா? ஆயின் பாட்டம், சரமாரி, துடிப்பு என்பன போன்ற சொற்களை நாடலாம்.

மேகவெடிப்பு என்னும் சொல் இன்று பரவலாக வேரூன்றிவிட்டது. அதனை அடியோடு விலக்குதல் எளிதன்று. எனினும் பாடநூல்களிலும் எச்சரிக்கை அறிவிப்புகளிலும் அச்சொல் வரும்போது, 'ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத குறும்பரப்புப் பெருமழை' என்னும் விளக்கத்தை உடன் சேர்த்தல் இன்றியமையாதது. கலைச்சொல்லே வேண்டுமெனில் 'பெரும்பாட்ட மழை' என்னும் ஆட்சியைப் பரிந்துரைக்கலாம். ஏரியோ அணையோ உடைந்த இடத்தில் உடைப்பு என்றே எழுதுதல் வேண்டும்.

8. முடிவுரை

ஒரு மொழியின் ஒரு சொல்லுக்கு மற்றொரு மொழியில் ஒரே சொல்லைத் தேடும் பழக்கம் அகராதி நோக்கிற்கு எளிதாகலாம். பொருள் நோக்கிற்கு அது ஏற்றதன்று. 'பர்ஸ்ட்' ஒன்று, தமிழில் அதன் இடத்தை நிரப்பும் வினைகள் பல. இப்பன்மை குறையன்று, எது உடைந்தது, எது வெளிவந்தது, எவ்வளவு நேரம் என்பவற்றைப் பிரித்துச் சொல்லும் ஆற்றலாகும். வானத்தைப் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது என்று மெட்டுகுடாத் தெருவில் ஒரு தமிழ்ப் பாட்டி கூறுவாராயின், அவர் கூற்று அச்சில் வரும் 'மேகவெடிப்பு' என்பதை விட இயற்கைக்கு அணுக்கமானது. வானம் அங்கு வெடிக்கவில்லை. தாங்கி நின்றது தாங்காமற் போயிற்று. கலைச்சொல் ஆக்குவோர் அவ்வழக்கிற்குச் செவிசாய்த்தல் பயனுடையதாகும்.